சொல்லிவிட்ட பயணம்

வைக்கோல் கலந்தர் பயணம் சொல்லக் கிளம்பினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, தலையில் புதுத் தொப்பி, காதுமடலில் அத்தர். பட்டுக்கோட்டைக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் இருக்கிற அந்த ஊரில் யார் வெளிநாடு போனாலும் அதுதான் முறை. வீடு வீடாகப் போய் ஒரு வாய்த் தேநீர் குடித்து, "பயணம் போறேன், தெரிஞ்சும் தெரியாமலும் தப்பு செஞ்சிருந்தா மாப்பு கொடுத்துடுங்க, துஆ செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். சொல்லிவிட்டால் ஆள் பாதி போன மாதிரி. அதற்கப்புறம் கடைத்தெருவில் தலையைக் காட்டக் கூடாது. பயணம் சொன்னவன் ஊரில் சுற்றினால் பிணம் எழுந்து நடக்கிற மாதிரி பார்ப்பார்கள்.

மற்றவர்கள் சொந்தக்காரர் வீடுகளோடு முடித்துக்கொள்வார்கள். கலந்தர் ஒரு வீடு விடவில்லை. துஆவுக்காக மட்டுமா போனார்? பின்லாந்து என்று ஒரு நாடு இருப்பதையே அந்தத் தெருக்களில் பாதிப் பேர் அவர் வாயால்தான் முதலில் கேட்டார்கள்.

அவர் சாதாரண ஆள் இல்லை. படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. அறுத்த வயலில் வைக்கோலைத் தலைச்சுமையாகச் சுமந்தவர், பிறகு வண்டி வைத்தார், பிறகு லாரி, பிறகு கட்டுப் போடுகிற மெஷின். கேரளத்தில் கறக்கிற மாடுகளில் பாதி, கலந்தர் அனுப்பிய வைக்கோலைத் தின்றுதான் கறக்கின்றன என்று அவர் சொல்வார். இதுவரை எந்த மாடும் வந்து மறுத்ததில்லை. அந்த வைக்கோலில்தான் மாடி வீடு எழும்பியது. அந்த வைக்கோலில்தான் மகன் அஸார் இன்ஜினியரிங் படித்தான், பின்லாந்து போனான், தஹ்மீனாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடித்தனம் வைத்தான். மனைவி நஃபீசா மௌத்தாகிவிட்ட பிறகு அந்த மாடி வீட்டில் கலந்தர் ஒருவர்தான்.

தஹ்மீனா முழுகாமல் இருக்கிறாள், பிள்ளை பிறக்கிற நேரத்தில் நீங்கள் இங்கே இருக்க வேண்டும் என்று அஸார் சொன்னதும் கலந்தர் முதலில் செய்த காரியம், அந்த நாட்டைப் படித்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள் எப்படிப் படிப்பது? செல்போனிடம் வாயால் கேட்டார். "பின்லாந்துக்காரன் வீட்டுக்குப் போனா எப்படி நடந்துக்கணும்?" அங்கே குடியிருக்கிற ஒரு தமிழ்ப் பையன் பேசுகிற வீடியோக்கள் வரிசையாக வந்தன. நோன்புப் பெருநாளுக்கு முன்னாலேயே தொடங்கி, தினமும் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து பார்த்தார். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். அது நம்ம ஊர் வழக்கம்தான், சரி. சத்தம் போட்டுப் பேசக் கூடாது. பஸ் நிறுத்தத்தில் ஆளுக்கு ஆள் இரண்டு மாடு நிற்கிற இடைவெளி விட்டு நிற்க வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது. பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாமலே வருஷக்கணக்கில் இருப்பார்களாம். அதைக் கேட்டு கலந்தர் தனியாக உட்கார்ந்து சிரித்தார்.

கேட்டதோடு விடுகிற ஆளா? பழகிப் பார்த்தார். கார் இருக்கும்போதே பஸ் நிறுத்தத்துக்குப் போய், கூட்டத்தை விட்டு விலகி ஒரு புளியமரத்தடியில் நின்றார். திருத்துறைப்பூண்டி பஸ் வந்தது, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு அவரை விட்டுவிட்டுப் போனது. "பெரியவர் நிழலுக்கு நிக்கிறாருன்னுல்ல நெனச்சேன்" என்றார், திரும்பி வந்த அதே பஸ்ஸின் கண்டக்டர்.

தஞ்சாவூர் போய்க் கறுப்பு ரொட்டி வாங்கி வந்தார். செங்கல்லைக் கடிப்பது மாதிரி இருந்தது, தின்றார். தலையை மூடுகிற குல்லாயோடு சேர்ந்த தடித்த சட்டை ஒன்றும் வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு, படுக்கையறை ஏசியைப் பதினாறில் வைத்து, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

சமையலுக்கு வரும் ஹலீமா எட்டிப் பார்த்தாள். "என்ன காக்கா, காய்ச்சலா?" மூத்த ஆம்பளையைக் காக்கா என்று கூப்பிடுவதுதான் அங்கே மரியாதை.

"பின்லாந்து."

"அதுக்கு மருந்து உண்டா?"

"குளிருக்கு உடம்பப் பழக்குறேன் புள்ள."

"கரண்டு பில்லு வரட்டும், தன்னால வேர்க்கும்" என்று போய்விட்டாள்.

இவ்வளவு தயாரிப்போடு அந்த ஊரிலிருந்து யாராவது வெளிநாடு போயிருக்கிறார்களா? கலந்தர் அதையும்தான் வீடு வீடாகச் சொன்னார். கடைசியாக நெய்னா முகம்மது வீடு. நெய்னாவும் வைக்கோல் வியாபாரி, வயதில் கொஞ்சம் இளையவர். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பெரிய வயல் வைக்கோலை யார் எடுப்பது என்று வந்த சண்டையில் பேச்சு நின்று பல வருஷம் ஆயிற்று. ஆனாலும் பயணம் என்றால் பகையாளி வீட்டுக்கும் போக வேண்டும்.

"அங்க வைக்கல் உண்டா காக்கா?" என்று நெய்னா கேட்டார்.

"பனிதான் உண்டு."

"அப்ப நீங்க போயி என்ன செய்வீங்க?"

"பேரப்புள்ளயக் கையில வாங்குவேன்." கலந்தருக்கு நெஞ்சு நிறைந்தது. முறைக்குச் சொல்ல வேண்டியதை மடமடவென்று சொன்னார். "மாப்பு கொடுங்க, துஆ செய்யுங்க, நான் வர்ற வரைக்கும் எல்லாத்தையும் பாத்துக்குங்க."

நெய்னா எழுந்து நின்று, "அல்லாவுக்காக மாப்பு. பாத்துக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வரும்போது கார் டிக்கி நிறையப் பொட்டலம். பயணம் போகிறவர் கையில் அங்கே இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது கொடுத்து அனுப்புவது பெண்கள் முறை. இரண்டு வீடு தள்ளி இருக்கிற ஹமீதா பானு, அஸாரைத் தூக்கி வளர்த்தவள், ஒரு பெரிய பாட்டில் இறால் ஊறுகாய் கொடுத்தாள். "அவன் வாய்க்குப் பிடிக்கும். மூடியத் தொறந்து வாசம் பாத்தாலே நான்தான்னு கண்டுபிடிச்சிடுவான்" என்றாள்.

மறுநாள் விடியலில் கிளம்ப வேண்டும். அன்று மத்தியானம் அஸார் போன் செய்தான்.

"அத்தா, டிக்கெட்ட மாத்திக்கலாமான்னு பாக்குறேன்."

"ஏன்டா?"

"தஹ்மீனா உம்மாவுக்கு விசா கெடைக்காதுன்னு நெனச்சோம்ல. கெடைச்சிருச்சு. நாளன்னிக்கே வர்றாங்க. பிரசவத்துக்கு உம்மா பக்கத்துல இருந்தாத்தான அவளுக்கும் ஆறுதல். இங்க ஒரே ஒரு ரூம்தான் அத்தா. அவங்க இருக்கறப்ப நீங்க ஹால்ல படுத்துக்கிட்டு... அவங்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். அவங்க திரும்பினதும் நீங்க வாங்க. அதுக்குள்ள பனியும் போயிரும்."

அஸார் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பிரசவத்துக்குத் தாய்தான் வேண்டும். கலந்தர் போய் என்ன செய்ய முடியும்?

"சரிடா. எனக்கும் இங்க தலைக்கு மேல வேல கெடக்கு" என்றார்.

"ஊர்ல இன்னும் பயணம் சொல்லலல்ல?"

கட்டிலில் பரப்பியிருந்த பொட்டலங்களைப் பார்த்தார். "சொல்லல."

போனை வைத்த பிறகுதான் மனசு ஆறவில்லை. இந்த ஊரில் கலந்தர் சொன்னது திரும்பியதில்லை. வைக்கோலுக்கு விலை சொல்லிவிட்டால், மழையில் நனைந்தாலும் அந்த விலைதான். நாளைக் காலையில் கடைத்தெருவில் போய் நின்றால் என்ன கேட்பார்கள்? "என்ன காக்கா, பின்லாந்து வேணாங்குதா?" நெய்னா வீட்டில் வேறு பேரப்பிள்ளை என்று அளந்துவிட்டு வந்தாயிற்று. மகன் வரச் சொன்னான், பிறகு வேண்டாம் என்றான். இதை எந்த வாயால் சொல்வது?

சொல்லவில்லை. ஹலீமாவை ஏற்கெனவே லீவில் அனுப்பியாயிற்று. டிரைவர் துரைராசுவிடம், திருச்சியிலிருந்து வேறு கார் வருகிறது, நீ வர வேண்டாம் என்றார். வாசல் கதவை வெளியே பூட்டி, கொல்லைப்புறம் சுற்றி வந்து உள்ளே நுழைந்து தாழ் போட்டார். மாடி ஜன்னல்களைச் சாத்தினார். அவ்வளவுதான். கலந்தர் போய்விட்டார்.

முதலில் அது ஒரு சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது. தஹ்மீனாவின் உம்மா வந்து, இருந்து, போகட்டும். அதற்குள் டிக்கெட் வரும். இருட்டோடு கிளம்பிப் போய்விட்டால் யாருக்குத் தெரியும்? அதுவரை இந்த வீடுதான் பின்லாந்து. சத்தம் கூடாது, சரி. யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள், சரி. ஏசி போட்டால் வெளியே இரைச்சல் கேட்கும் என்று போடவில்லை. பங்குனி வெயிலில் சாத்திய அறை கொதித்தது. அந்த நாட்டுக்காரர்கள் சூட்டு அறையில் வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து வேர்க்க விடுவார்கள் என்று வீடியோவில் பார்த்திருந்தார். அதையும் பழகியாயிற்று. சித்திரை உச்சி வெயிலில் வைக்கோல் போர் மேல் நின்றவருக்கு இது எம்மாத்திரம்?

கறுப்பு ரொட்டி தீர்ந்தது. பொட்டலங்களைப் பிரிக்க வேண்டியதாயிற்று. யாரோ அஸாருக்குக் கொடுத்த நானகத்தான் பிஸ்கட், யாரோ கொடுத்த ஓட்டுமாவு. தின்னத் தின்ன ஒவ்வொரு வீட்டு முகமும் வந்தது. கொடுத்த பொருளைச் சேர்க்காமல் தின்கிறவனை அவர் தொழிலில் திருடன் என்பார்கள். ஹமீதா பானுவின் ஊறுகாயை மட்டும் தொடாமல் வைத்திருந்தார். ஒரு பகல், வெறும் சோற்றை வடித்து முன்னால் வைத்துக்கொண்டபோது கை தானாகப் போய் மூடியைத் திறந்தது. அறை முழுக்க இறால் வாசனை. ஒரு நிமிஷம், ஜன்னலுக்கு வெளியே போகிற யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்தார். அப்புறம், கண்டுபிடித்தால்தான் என்ன என்று தோன்றியது. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அஸார் போன் செய்தான்.

"என்ன அத்தா, குரல் இவ்வளவு மெதுவா வருது?"

"அங்க மெதுவாத்தான பேசணும். பழகுறேன்."

அஸார் சிரித்தான். "கடைத்தெருவுல இல்லையா? சத்தத்தையே காணோம்."

"வீட்டுலதான் இருக்கேன்."

"நல்லது. ரெஸ்ட் எடுங்க. மாமி வந்ததுலேர்ந்து வீடே கலகலன்னு இருக்கு." பின்னால் யாரோ எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. "சரித்தா, வைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. காய்ச்சலில்கூடப் பள்ளிவாசல் ஜும்ஆ தொழுகையை விட்டதில்லை கலந்தர். வீட்டில் தனியாக லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஹஜ்ரத்தின் துஆ கேட்டது. நோயாளிகளுக்கு, கடன்காரர்களுக்கு, பிறகு பயணத்தில் இருப்பவர்களுக்கு. "நம்ம மஹல்லாவுலேர்ந்து தூர தேசம் போயிருக்கற கலந்தர் காக்காவுக்கு நல்லபடியா ஊர் திரும்பற நசீபத் தா ரஹ்மானே." ஊரே ஆமீன் சொன்னது. மாடியில், கட்டில் ஓரத்தில், கலந்தரும் மெதுவாக ஆமீன் சொன்னார்.

நஃபீசா படுக்கிற பக்கத்தில் குளிர்ச் சட்டை கிடந்தது. வீடியோவை வைத்தார். அந்தப் பையன், இங்கே தனிமை பெரிய பிரச்சினை, வயதானவர்கள் பேச ஆளில்லாமல் இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். முன்னால் பார்த்தபோது இந்த இடத்தைத் தள்ளிவிட்டிருந்தார். இப்போது முழுதாகக் கேட்டார். இந்தப் பாடத்தை அவர் பின்லாந்து போய்ப் படிக்க வேண்டியதில்லை. நஃபீசா போன நாளிலிருந்து படித்துக்கொண்டுதான் இருந்தார். கடைத்தெருவில் அவ்வளவு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்ததில் தெரியாமல் போயிற்று.

ஒரு நாள் அசருக்குப் பிறகு வானம் கறுத்தது. கோடை மழை சொல்லிவிட்டா வரும்? முதலில் காற்று. வீட்டை ஒட்டிய களத்தில் அவருடைய வைக்கோல் போர், ஒரு வீட்டு உயரம், கேரள லாரிக்காகக் காத்திருந்தது. மேலே மூடியிருந்த தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்தாற்போல் எழும்பி அடித்தது. நனைந்தால் உள்ளுக்குள் புழுங்கிக் கறுத்துவிடும். மாடு மோந்துகூடப் பார்க்காது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். கால் வாசல்வரை போனது, திரும்பியது. வைக்கோல் போனால் போகிறது. கலந்தர் பின்லாந்தில் இருக்கிறார்.

அப்போதுதான் நெய்னா முகம்மதுவின் வேன் வந்து நின்றது. ஆட்கள் இரண்டு பேரோடு நெய்னா இறங்கினார். ஏணியைச் சாத்தினார்கள். ஆட்கள் ரோட்டுப் பக்கத்துக் கயிற்றைப் பிடிக்க, இந்தப் பக்கம் நெய்னாவே ஏணியில் ஏறினார். மழை இறங்கிவிட்டது. வழுக்குகிறது, அறுபத்தைந்து வயது, சர்க்கரை வேறு.

கீழே இருந்து ஒருத்தன் கத்தினான். "இறங்குங்க மொதலாளி, நம்ம வைக்கலா இது? நனைஞ்சா நனையட்டும்."

"பயணம் சொல்லிட்டுப் போன மனுசன்டா. பாத்துக்குங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். அந்தக் கயித்த விடாதே."

அது முறைக்குச் சொன்னது. மடமடவென்று, நெய்னா முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சொன்னது.

ஏணி ஒரு பக்கம் சரிந்தது. கலந்தர் கையில் அகப்பட்ட குளிர்ச் சட்டையை மாட்டி, குல்லாயைத் தலையில் இழுத்துக்கொண்டு, கொல்லைக் கதவைத் திறந்து களத்துக்கு ஓடினார். ஏணியைத் தோளில் முட்டுக் கொடுத்துப் பிடித்தார். நெய்னா மேலே இருந்து குனிந்து பார்த்தார். மழைத் தண்ணீர் அவர் தாடியிலிருந்து கலந்தர் முகத்தில் சொட்டியது.

"அந்த மூலையில கயிறு தொங்குது. இழுத்துக் கட்டுங்க" என்றார் நெய்னா.

கட்டினார். வைக்கோல் கட்டிப் பழகிய கை, முடிச்சு தானாக விழுந்தது. போர் முழுக்க மூடிய பிறகு ஆட்கள் வேனுக்குள் போய் உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் மெஷின் கொட்டகையில் ஒதுங்கி நின்றார்கள்.

"எப்ப வந்தீங்க?"

"போகல."

"ம்."

"மருமவ உம்மா வந்திருக்காங்க. வீட்டுல இடமில்லயாம்."

நெய்னா கைலி நுனியைப் பிழிந்தார். "ஷார்ஜாவுல என் மவன் வீடும் சின்னதுதான். ஏழு வருசமாச் சின்னதாவே இருக்கு."

மழை தகரத்தில் அடித்தது. நெய்னா, கலந்தர் போட்டிருந்த சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "பனிக்கு வாங்குனது மழைக்கும் தாங்குதே. உள்ள வேர்க்கலயா?"

"குளிக்கிற மாதிரி வேர்க்குது."

"கழட்டிப் போடுங்க, மூச்சு முட்டிறப் போவுது." பிறகு வேன் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இல்ல, இருக்கட்டும். குல்லாய எடுக்காதீங்க. ஆளுங்களுக்கு உங்கள அடையாளம் தெரியல. யாரோ காவக்காரன்னு நெனச்சிருக்கானுங்க. அப்படியே உள்ள போயிடுங்க காக்கா. அஸார் கூப்பிடறப்ப போயிட்டு வாங்க. நான் உங்களப் பாக்கல."

கலந்தர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். சாத்திய ஜன்னல்கள். உள்ளே அரைப் பாட்டில் ஊறுகாய், பிரித்த பொட்டலங்கள், சூடு. நெய்னா சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார், அதில் சந்தேகமில்லை. பெயர் அப்படியே இருக்கும். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பெயர். அதைப் பகையாளியே கையில் எடுத்துக் கொடுக்கிறார்.

குல்லாயைத் தலையிலிருந்து தள்ளினார்.

"பாத்ததாவே இருக்கட்டும் நெய்னா."

மஃரிப் தொழுகைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். பள்ளிவாசல் படியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் வாயைத் திறந்தார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே கலந்தர் தன் பழைய குரலில், கடைசி ஆள்வரை கேட்கும்படி சொன்னார். "போகல. மவன் பெறகு வரச் சொல்லிட்டான்." முகத்துக்கு நேரே யாரும் சிரிக்கவில்லை. பின்னால் யாரோ சிரித்த மாதிரியும் இருந்தது. தொழுகை வரிசையில் நின்றபோது பழக்கம் போகாமல் இடம் விட்டு நின்றார். நெய்னா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார்.

தொழுது முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். நெய்னாவும் போனார். கலந்தர் தன் வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, அரைப் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஹமீதா பானு வீட்டு வாசலில் போய் நின்றார். முன்கூட்டிச் சொல்லவில்லை. கதவைத் தட்டினார்.

"யாரு?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"நான்தான். ஊர்லதான் இருக்கேன்."

காலடிச் சத்தம் வாசலை நெருங்கியது. பிறகு தாழ்ப்பாளை எடுக்கிற ஓசை கேட்டது.